நாற்பதைக் கடந்தும் களத்தில்: கபடி வீரர் சேரலாதனின் ஆட்டம் நமக்குச் சொல்வது

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவின் புறநோயாளர் வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருக்கும். வண்டலூர், மண்ணிவாக்கம், நெடுங்குன்றம், ஊரப்பாக்கம் எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து நொண்டியபடி வருபவர்களில் பலர் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். காணும் பொங்கலன்று ஊர்த்திடலில் நடந்த கபடியில் "ஒரே ஒரு ஆட்டம்" என்று இறங்கியவர்கள். ஒருவருக்குத் தொடையின் பின்தசை கிழிந்திருக்கும். இன்னொருவருக்கு முழங்கால் வீங்கியிருக்கும். பரிசோதனை முடிந்ததும் பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "காலேஜ் டீமில் ஆடினவன் சார் நான். அவ்வளவு வயசாகிவிட்டதா எனக்கு?"

இதே கேள்வியை விளையாட்டோடு தொடர்பே இல்லாதவர்களும் வேறு வடிவத்தில் கேட்கிறார்கள். மாடிப்படி ஏற முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எல்லாம் வயதுதானே என்று. வயதுக்கு இதில் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆயினும் முழுப் பழியையும் வயதின்மேல் போடுவது சரியா என்பதைச் சிந்திக்க, நம் தமிழ்நாட்டின் ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு. அவர் தர்மராஜ் சேரலாதன்.

நாற்பத்தொரு வயதில் உலகக் கோப்பை

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான சேரலாதன் 1975ஆம் ஆண்டு பிறந்தவர். கபடி அப்போது ஊர்த் திருவிழாக்களிலும் காவல்துறை, ரயில்வே போன்ற துறை அணிகளிலும் வளர்ந்துகொண்டிருந்த ஆட்டம். 1990இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாக இடம்பெற்றது. தொலைக்காட்சியின் வெளிச்சத்தை அதற்குக் கொண்டுவந்த புரோ கபடி லீக் 2014ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியபோது சேரலாதனுக்கு வயது 39. பெரும்பாலான வீரர்கள் ஆட்டத்தை விட்டு விலகும் வயது அது. அவருக்கோ ஆட்ட வாழ்வின் புகழ்மிக்க பகுதி அதன் பிறகுதான் தொடங்கியது.

2016ஆம் ஆண்டு அவர் தலைமையில் ஆடிய பாட்னா பைரேட்ஸ் அணி, ஐதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் அணியை 37–29 என்ற கணக்கில் வென்று கோப்பையைப் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை நடைபெற்றது. அனூப் குமார் தலைமையிலான இந்திய அணியில் சேரலாதனும் இருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32–34 என்று தோற்ற இந்தியா, பின்னர் மீண்டெழுந்து, இறுதி ஆட்டத்தில் ஈரானை 38–29 என்று வென்றது. உலகக் கோப்பையைக் கையில் ஏந்தியபோது சேரலாதனுக்கு வயது 41. மூன்றாண்டுகளுக்குப் பின், 2019இல், தம் 44ஆம் வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் களத்தில் நின்றார். எதிரே பாடி வந்தவர்களில் சிலர் அவருடைய வயதில் பாதியைக்கூட எட்டாதவர்கள்.

கோடியில் நிற்பவர்

இது எப்படி இயன்றது என்பதற்கு அவர் ஆடிய இடமே பாதி விடையைத் தருகிறது. கபடியில் ஓர் அணிக்கு ஏழு பேர். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பாடிச் செல்பவருக்கு வேகமும் திடீர்ப் பாய்ச்சலும் வேண்டும். அவை முதலில் தேய்பவை. சேரலாதன் ஆடியது களத்தின் கோடியில், அதாவது "கார்னர்" என்று சொல்லப்படும் தடுப்பிடத்தில். அங்கே நிற்பவர் தாழ்ந்து குனிந்து, எதிராளியின் காலை மட்டும் கவனித்தபடி காத்திருக்க வேண்டும். எதிராளி காலை நீட்டும் அந்த ஒரு கணத்தில் கணுக்காலைப் பற்ற வேண்டும். முந்தினால் தப்பிவிடுவார், பிந்தினால் புள்ளி போய்விடும். இதில் வேகத்தைவிடக் கணிப்புக்கு மதிப்பு அதிகம். கணிப்பு என்பது பல்லாயிரம் முறை பார்த்துப் பழகிய மூளையின் சொத்து; அது நாற்பதில் கரைந்துவிடுவதில்லை.

கபடிக்கு உறவுமுறை சொல்லக்கூடிய ஆட்டம் ஒன்று வெளிநாட்டில் உண்டு. அது ரக்பி லீக். அங்கும் பாய்ந்து வருபவரைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவதே தடுப்பாட்டம். ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித் அந்நாட்டின் தேசிய லீக்கில் 430 ஆட்டங்கள் ஆடி, 2021இல் தம் 37ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அந்த லீக்கில் 400 ஆட்டங்களைக் கடந்த முதல் வீரர் அவரே. மின்னல் வேகமோ மலைபோன்ற உடலோ கொண்டவர் என்று அவரை யாரும் வருணிப்பதில்லை. ஆட்டத்தைப் படித்தறியும் கூர்மையே அவருடைய வலிமை என்பார்கள்.

இருவரின் வாழ்விலும் ஒரு பொதுவான உண்மை தெரிகிறது. வயது ஏறும்போது உடல் சிலவற்றை இழக்கிறது. எதை இழக்கிறோம் என்று அறிந்து, செய்யும் முறையை மாற்றிக்கொண்டு, செய்வதை நிறுத்தாமல் இருப்பவர் நெடுங்காலம் நிற்கிறார். மறுவாழ்வு மருத்துவத்தின் சாரமும் ஏறத்தாழ இதுதான்.

என் தவறு ஒன்று

இதை நான் பாடநூலில் படித்தறிந்ததைவிட, ஒரு தவறு செய்து கற்றதே அதிகம். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியில் சேர்ந்த புதிதில், ஐம்பதை நெருங்கிய ஒருவர் முழங்கால் வலியோடு வந்தார். இளமையில் மாவட்ட அளவில் கபடி ஆடியவர். அதன் பின்னும் நாள்தோறும் காலையில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்து வந்தார். எக்ஸ்-ரேயில் மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கம் தெரிந்தது. நான் மாத்திரை எழுதிக் கொடுத்து, "இனி இதெல்லாம் வேண்டாம், ஓய்வாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

சொன்னதை அவர் அப்படியே கேட்டார். ஏறத்தாழ எட்டு மாதங்கள் கழித்து, மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு மீண்டும் வந்தார். எடை கூடியிருந்தது. தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தது. முழங்கால் வலி முன்னைவிட மிகுந்திருந்தது. இரத்தச் சர்க்கரையும் எல்லையைக் கடந்திருந்தது. அவர் மனைவி என்னைக் குறைகூறவில்லை. "கிரவுண்டுக்குப் போறதை நிறுத்தினதிலிருந்து இவர் யார்கிட்டயும் பேசறதே இல்லை டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

ஓய்வு என்ற ஒரு சொல்லை அளவும் காலமும் குறிக்காமல் எழுதிக் கொடுத்தது என் பிழை. மருந்துக்கு அளவு எழுதுகிறோம். ஓய்வுக்கும் அளவு எழுத வேண்டும். அன்று அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. வீக்கம் வடியும்வரை சில நாள் பொறுங்கள். பிறகு தொடைத் தசைக்கான பயிற்சியைத் தொடங்குங்கள். திடலுக்குப் போவதை நிறுத்தாதீர்கள், ஆனால் பிடிக்கப் பாயாமல் ஓரத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தாமதமாகவேனும் அதைச் சொன்னேன். அவர் மீண்டும் திடலுக்குப் போகச் சில மாதங்கள் ஆயின.

தசைக்குள் என்ன நடக்கிறது?

முப்பது வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவில் சுமார் 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. அறுபதுக்குப் பின் இந்த வேகம் கூடுகிறது. இது இயல்பான வயது மாற்றம். இதனோடு அசைவின்மையும் சேரும்போதுதான் சரிவு செங்குத்தாகிறது. உடல்நலத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்தது. அறுவை சிகிச்சைக்கோ காய்ச்சலுக்கோ படுத்த பெரியவர் "படுத்தவர் எழவே இல்லை" என்று ஆவதன் பின்னணியில் பல வேளைகளில் இந்த இழப்பு இருக்கிறது.

தசை வெறும் வலிமைக்கான உறுப்பு மட்டுமன்று. உண்ட உணவிலிருந்து வரும் சர்க்கரையின் பெரும்பங்கை இன்சுலினின் துணையோடு ஏற்றுக்கொள்வது தசையே. தசை குறைந்தால் சர்க்கரைக்குப் போகுமிடம் குறைகிறது. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதும் தொடையின் முன்தசையே. அது மெலிந்தால் மூட்டின்மேல் சுமை கூடுகிறது. ஆகவே "வலிக்கிறது, அதனால் அசைக்கவில்லை, அசைக்காததால் இன்னும் வலிக்கிறது" என்ற சுழல் உருவாகிறது.

விளையாட்டை விட்டவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பயிற்சி நிற்கிறது, உணவின் அளவு நிற்பதில்லை. களத்தில் ஆடிய நாளின் பசியோடு மேசை வேலைக்காரராக வாழ்ந்தால், சில ஆண்டுகளில் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றும் சேர்ந்து வருகின்றன. ஒரு காலத்தில் ஆடினேன் என்பது சேமிப்புக் கணக்கு அன்று. அந்த உடல்வலு வட்டியாக வந்துகொண்டிருக்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை

கைப்பிடி இல்லாத, நகராத ஒரு நாற்காலியைச் சுவரையொட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்காருங்கள். அருகில் ஒருவர் நின்று நேரம் பார்க்கட்டும். ஆசியர்களுக்கான மருத்துவ வழிகாட்டுதலின்படி, இதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத்திறன் குறைந்திருக்கலாம் என்று பொருள். கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தைத் தையல் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை நோயை உறுதிசெய்யும் சோதனைகள் அல்ல. கவனிக்க வேண்டும் என்று சொல்லும் அறிகுறிகள் மட்டுமே. அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், அறுவை சிகிச்சை ஆகியவற்றைக் கண்டவர்களும் அடிக்கடி தடுமாறி விழுபவர்களும் இதனைத் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம்.

களத்திலிருந்து வீட்டுக்கு

கபடிக் களத்திலிருந்து நோயாளிகள் எடுத்துக்கொள்ளத் தக்க பழக்கங்கள் சில உண்டு.

முதலாவது, தாழ்ந்து நிற்பது. கார்னரில் நிற்பவர் கால்களை அகட்டி, முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி நிற்கிறார். இதன் எளிய வடிவமே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. எட்டு அல்லது பத்து முறை செய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் ஒரு சுற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். முடியாதவர்கள் நாற்காலியின்மேல் தலையணை வைத்து உயர்த்திக்கொண்டு தொடங்கலாம்.

இரண்டாவது, மூச்சு. பாடிச் செல்பவர் "கபடி கபடி" என்று விடாமல் சொல்வது ஆட்டவிதி. வாய்விட்டுச் சொல்லும்வரை மூச்சு வெளியேறிக்கொண்டே இருக்கும். உடற்பயிற்சியில் மூச்சை அடக்கி முக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. உயர் இரத்த அழுத்தமும் இதயநோயும் உள்ளவர்களுக்கு இது நல்லதன்று. எனவே பயிற்சி செய்யும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க யாராலும் இயலாது.

மூன்றாவது, முன்தயாரிப்பு. தொழில்முறை வீரர் எவரும் பேருந்திலிருந்து இறங்கி நேரே களத்துக்குள் பாய்வதில்லை. பொங்கல் ஆட்டக்காரர்கள் செய்யும் முதல் பிழை அதுதான். பத்து நிமிடமேனும் நடந்து, மெல்ல ஓடி, மூட்டுகளை அசைத்து உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, ஆட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குவது. தையில் ஆட விரும்புபவர் ஐப்பசியிலேயே நடக்கத் தொடங்கட்டும்.

நான்காவது, உணவு. தசைக்குப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று வல்லுநர்கள் கருதுகிறார்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம் புரதம் கிடைக்கும். சுண்டல், பயறு, பருப்பு, மீன், தயிர் ஆகியவற்றை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பங்கிட்டு உண்பது நல்லது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

இவற்றோடு, வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரைமணி நேரம் என வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தால் கணக்கு நிறைவாகும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். பாதத்தைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பவர்களுக்கு: சங்கிலிப் பிடி

எங்கள் பிரிவுக்கு நோயாளியாக வருபவர்களில் ஒரு பங்கினர் உண்மையில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள். பக்கவாதம் கண்ட கணவரை நாள்தோறும் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்து இடுப்புப் பிடித்துக்கொண்ட மனைவி, தாயைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும்போது முதுகு பிடித்த மகள். இவர்களுக்கும் கபடிக் களத்தில் பாடம் இருக்கிறது.

நல்ல தடுப்பாட்டக்காரர் முதுகை வளைத்துக் கைவலிமையால் இழுப்பதில்லை. கால்களை அகட்டி ஊன்றி, முழங்காலை மடித்து, உடலோடு உடல் நெருக்கமாக அணைத்து, தொடையின் வலிமையால் பிடிக்கிறார். நோயாளியை எழுப்பும்போதும் அப்படியே செய்ய வேண்டும். நோயாளியைக் கட்டிலின் விளிம்புவரை நகர்த்துங்கள். அவருடைய பாதங்கள் தரையில் படியட்டும். நீங்கள் நெருங்கி நின்று, முழங்காலை மடித்து, இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சேர்ந்து எண்ணி, இருவரும் ஒரே நேரத்தில் எழுங்கள். பாதிக்கப்பட்ட கையையோ தோளையோ பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதம் கண்ட தோள்மூட்டு அதனால் எளிதில் விலகும்.

களத்தில் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் இருவராகக் கைகோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சங்கிலி என்பார்கள். சேரலாதனைப் போன்ற அனுபவசாலிகூடத் தனியாளாகப் பிடித்துவிடலாம் என்று நம்பி ஆடுவதில்லை. அவர் காலைப் பற்றியதும் மற்றவர்கள் வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். பராமரிப்பும் அவ்வாறே. வீட்டில் ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் அவரும் விரைவில் படுத்துவிடுவார். அண்ணன், தம்பி, மருமகள், பேரப்பிள்ளை என்று வேலையைப் பங்கிடுங்கள். தூக்கும் முறையை எங்கள் இயன்முறை மருத்துவர்களிடம் நேரில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

முழங்காலில் "டப்" என்ற ஒலி கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால், ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. உருவிவிடுவதும் எண்ணெய் தேய்ப்பதும் வேண்டாம், மருத்துவமனைக்கு வாருங்கள். குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோலத் தோன்றி, முன்னங்காலை ஊன்றி எழ முடியாமல் போனாலும் அப்படியே.

தலையில் அடிபட்டவர் சற்றுக் குழம்பினாலோ, நடந்ததை மறந்தாலோ, தலைசுற்றல், வாந்தி இருந்தாலோ, அன்று மீண்டும் ஆடவே கூடாது. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே களம். வாந்தி தொடர்ந்தாலோ, தூக்கக் கலக்கம் மிகுந்தாலோ, வலிப்பு வந்தாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஏற்பட்டால் உடனே நிறுத்தி 108ஐ அழையுங்கள்.

ஓய்வு என்பது

சேரலாதனும் ஒரு கட்டத்தில் ஆட்டக்காரர் என்ற நிலையை விட்டார். ஆனால் களத்தை விடவில்லை. 2024ஆம் ஆண்டு தமிழ் தலைவாஸ் அணியின் பயிற்சியாளர்களில் ஒருவராகப் பொறுப்பேற்றார். கால் செய்த வேலையை இப்போது கண்ணும் சொல்லும் செய்கின்றன.

நம் பகுதியில், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவ்வழியே போகும்போதெல்லாம் இளைஞர்கள் பயிற்சிக்குச் செல்வதைப் பார்க்கிறேன். அவர்களைப் போல் ஓட வேண்டும் என்று நம் நோயாளிகளிடம் நான் சொல்வதில்லை. நேற்று நான்கு முறை எழுந்து உட்கார்ந்தவர் அடுத்த வாரம் ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தால் அதுவே வெற்றி. நான் முன்பு ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிய அந்தப் பெரியவர் இப்போதும் மாலைதோறும் திடலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இடையிடையே அந்த நாற்காலியிலிருந்தே பத்து முறை எழுந்து உட்காருகிறார். பிள்ளைகள் வாய்விட்டு எண்ணுகிறார்களாம்.